நிஃப்டி நிலவரம் மாறுறதை ஸ்பெக்ட்ரம் வச்சு கண்டுபிடிக்க முடியுமா?

கடலோரக்காற்று எழுதியது:

வணக்கம் மக்களே. கொஞ்ச நாளா மண்டையை குடையுற ஒரு கேள்வி. நிஃப்டி டெய்லி க்ளோஸ் எடுத்து பைத்தான்ல எஃப்எஃப்டி (டேட்டாவை மெதுவான அலை, வேகமான அலைன்னு பிரிக்கிற கணக்கு) போட்டு பார்த்தேன். எந்த அலைக்கு எவ்வளவு பவர்னு காட்டுற கிராஃப்தான் ஸ்பெக்ட்ரம், இடது பக்கம் மெதுவான அலை, வலது பக்கம் வேகமானது. இடது ஓரத்துல பவர் எக்கச்சக்கமா ஏறி நிக்குது, அப்புறம் சரசரன்னு இறங்குது, நடுவுல அங்கங்க சின்ன சின்ன பீக். அதுல ஒண்ணு 40 நாள் பக்கத்துல இருக்கு. யூடியூப்ல ஒருத்தர் இதே 40 நாள் சைக்கிளை வச்சு கோர்ஸ் விக்கிறார், எந்த தேதில வாங்கணும் எந்த தேதில விக்கணும்னு கூட சொல்றார்.

எனக்கு சைக்கிள் முக்கியம் இல்ல. மார்க்கெட் இப்ப டிரெண்டுல இருக்கா, சைடுவேஸா, இல்ல பேனிக் பக்கம் போகுதான்னு ஸ்பெக்ட்ரம் மாறுறதை பார்த்து சொல்ல முடியுமா? சும்மா கான்செப்ட் வேணாம், எதை எடுத்து எப்படி போடணும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சிக்னல்சித்தன் எழுதியது:

நல்ல கேள்வி தம்பி, கொஞ்சம் நீளமா சொல்றேன்.

முதல்ல க்ளோஸ் விலைக்கு நேரடியா எஃப்எஃப்டி போடாதீங்க. விலை கிட்டத்தட்ட ரேண்டம் வாக், அதாவது இன்னைய அசைவுக்கும் நேத்தைய அசைவுக்கும் தொடர்பு இல்லாம போறது. ரேண்டம் வாக்கோட ஸ்பெக்ட்ரம் எப்பவுமே இடது ஓரத்துல உசந்துதான் இருக்கும், ஃப்ரீக்வென்சி ரெண்டு மடங்கானா பவர் நாலுல ஒண்ணா குறையும். 1966லயே பொருளாதார நிபுணர் கிரேஞ்சர் பொருளாதார டேட்டா பெரும்பாலும் இந்த வடிவத்துலதான் இருக்குன்னு எழுதிட்டார். அதனால நீங்க பார்த்த ஏத்தம் நிஃப்டி பத்தி எதுவும் சொல்லல. இன்னொரு சிக்கல், எஃப்எஃப்டி உங்க டேட்டாவோட கடைசி நாளை முதல் நாளோட ஒட்டி ஒரு வட்டமாதான் பார்க்கும். 2020 ஜனவரில ஆரம்பிச்சு மார்ச் 23ல முடிச்சா 12,000க்கு மேல இருந்த நிஃப்டியும் 7,610ம் பக்கத்து பக்கத்துல வந்து நிக்கும், அந்த குதிப்பு எல்லா ஃப்ரீக்வென்சிலயும் கசியும். விண்டோ ஃபங்ஷன் போட்டா (டேட்டாவோட ரெண்டு ஓரத்தையும் படிப்படியா அடக்கினா) கசிவு குறையும், ஆனா அடிப்படை பிரச்சினை அப்படியேதான் இருக்கும்.

அதனால லாக் ரிட்டர்ன் எடுங்க, அதாவது இன்னைய விலையை நேத்தைய விலையால வகுத்து லாக். எடுத்தா ஸ்பெக்ட்ரம் கிட்டத்தட்ட தட்டையா வரும். கிரேஞ்சரும் மார்கன்ஸ்டர்னும் 1963லயே நியூயார்க் ஷேர் விலைகளை ஸ்பெக்ட்ரம் போட்டு பார்த்து ரேண்டம் வாக்குக்கு ரொம்ப பக்கத்துல இருக்குன்னு சொன்னாங்க.

இப்ப அந்த 40 நாள் பீக். இதை தயவுசெஞ்சு கவனமா படிங்க, ஏன்னா இதுல காசு விடுறவங்க நிறைய பேர். 500 நாள் ரிட்டர்ன் எடுத்தா 250 ஃப்ரீக்வென்சி கிடைக்கும். சுத்தமான நாய்ஸா இருந்தாலும் ஒவ்வொரு ஃப்ரீக்வென்சியோட பவரும் சராசரியை சுத்தி பயங்கரமா சிதறும், சராசரி எவ்வளவோ சிதறலும் அவ்வளவு. 250ல மிகப்பெரிய பீக் சராசரியை விட சுமார் 6 மடங்கு இருக்கும்னு கணக்கு சொல்லுது, 250க்கு நேச்சுரல் லாக் எடுத்து 0.58 கூட்டினா வர்ற நம்பர் அது. அதாவது ஒண்ணுமே இல்லாத டேட்டாலயும் 6 மடங்கு பீக் வந்தே தீரும்! 5 சதவீத அளவுல நம்பணும்னா பீக் 8.5 மடங்கையாவது தாண்டணும். டேட்டாவை நீட்டினாலும் இந்த சிதறல் குறையாது, ஃப்ரீக்வென்சி எண்ணிக்கைதான் கூடும். துண்டு துண்டா வெட்டி சராசரி எடுத்தா சிதறல் குறையும், ஆனா பக்கத்து பக்கத்து சைக்கிளை பிரிச்சு பார்க்கிற திறன் போயிடும்.

உங்க டேட்டாவையே வரிசை கலைச்சு ஆயிரம் தடவை போட்டு பாருங்க, ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு நாள் சைக்கிள் பளிச்னு தெரியும்.

ஆப்ஷன்_ஆறுமுகம் எழுதியது:

சித்தன் சார் சொன்னதுக்கு ஒரு சேர்க்கை. மூவிங் ஆவரேஜ் போட்டு ஸ்மூத் பண்ணிட்டு அப்புறம் சைக்கிள் தேடுறாங்களே, அது இன்னும் மோசம். 1927ல மாஸ்கோல ஸ்லட்ஸ்கின்னு ஒருத்தர் அரசாங்க லாட்டரில விழுந்த நம்பர்களை எடுத்து பத்து பத்தா கூட்டி ஒரு வரிசை பண்ணார். அது 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து பிசினஸ் சைக்கிள் கிராஃபோட அச்சு அசலா பொருந்தி நின்னுச்சு. லாட்டரி நம்பர்ல எங்க இருந்து பிசினஸ் சைக்கிள் வரும்? கூட்டினதாலதான் அலை வந்துச்சு. சார்ட்ல மூவிங் ஆவரேஜ் மேல சைக்கிள் இண்டிகேட்டர் வச்சிருக்கிற எல்லாரும் இதை ஒரு தடவை தெரிஞ்சுக்கணும்.

ஆனா எனக்கு அடிப்படையிலயே ஒரு சந்தேகம். இவ்வளவு கணக்கு எதுக்கு? இந்தியா விக்ஸ் (மார்க்கெட் எவ்வளவு ஆடும்னு எதிர்பார்க்கிறாங்கன்னு காட்டுற இண்டெக்ஸ்) பார்த்தா பேனிக்கா இல்லையான்னு தெரியுது, 200 நாள் ஆவரேஜ் பார்த்தா டிரெண்ட் தெரியுது. இதுக்கு மேல ஸ்பெக்ட்ரம் என்ன புதுசா சொல்லிடும்?

சிக்னல்சித்தன் எழுதியது:

நியாயமான கேள்விங்க. டிரெண்ட், சைடுவேஸ் பத்தி முதல்ல. ரிட்டர்ன் ஸ்பெக்ட்ரத்துல இடது பக்கம் உசந்தா டிரெண்ட், வலது பக்கம் உசந்தா மேல போனது திரும்பி வர்ற மார்க்கெட். இதை எஃப்எஃப்டி இல்லாமலே பார்க்கலாம், 10 நாள் ரிட்டர்னோட வேரியன்ஸை (சிதறலோட அளவை) ஒரு நாள் வேரியன்ஸ் பெருக்கல் 10ஆல வகுத்தா போதும். 1 வந்தா ரேண்டம், 1க்கு மேல டிரெண்ட், கீழ திரும்பி வர்றது. 1988ல லோவும் மெக்கின்லேயும் பிரபலப்படுத்தின வேரியன்ஸ் ரேஷியோ இதுதான், இடது ஓர பவரை சராசரி பவரோட ஒப்பிடுறதும் இதுவும் ஒண்ணுதான்.

ஆனா இதோட பிழை எவ்வளவுன்னு கணக்கு போட்டு பாருங்க. ஒரு வருஷ டேட்டா, 250 நாள் வச்சா ஸ்டாண்டர்ட் எரர் 0.21. அப்ப 0.6ல இருந்து 1.4 வரைக்கும் எந்த நம்பர் வந்தாலும் ஒண்ணும் சொல்ல முடியாது. ஒரு வருஷம் முழுக்க பார்த்தும் டிரெண்டா இல்லையான்னு ஸ்பெக்ட்ரம் உறுதியா சொல்லாது, அதுக்குள்ள மார்க்கெட் ரெண்டு தடவை மாறிடும். 200 நாள் ஆவரேஜும் இதே கட்டுப்பாட்டுக்குள்ளதான் இருக்கு, ஆனா அது எரர் பார் காட்டாததால நமக்கு தெரியறதில்ல.

வாலட்டிலிட்டி (விலை எவ்வளவு ஆடுதுங்கிறது) கதை வேற. ரிட்டர்னோட ஆப்சல்யூட் வேல்யூ (ப்ளஸ், மைனஸ் பார்க்காம அளவு மட்டும்) எடுத்து ஸ்பெக்ட்ரம் போடுங்க, இடது ஓரம் நிஜமாவே உசந்து நிக்கும், வரிசை கலைச்சா அந்த ஏத்தம் காணாம போயிடும். பெரிய அசைவுக்கு பின்னாடி பெரிய அசைவு, சின்னதுக்கு பின்னாடி சின்னது, மாசக்கணக்குல தொடரும். 60 நாள் வச்சு வாலட்டிலிட்டி அளந்தா பிழை சுமார் 9 சதவீதம்தான், நிஜ மார்க்கெட்ல பெரிய அசைவு அடிக்கடி வர்றதால இன்னும் கொஞ்சம் கூடவே வச்சுக்கங்க. 2020 பிப்ரவரி நடுவுல இந்தியா விக்ஸ் 14 பக்கம் இருந்துச்சு, மார்ச் 24 அன்னைக்கு 83ஐ தாண்டிடுச்சு. பிழை 10, 20 சதவீதம், மாற்றமோ பல மடங்கு. மாற்றம் பிழையை விட ரொம்ப பெருசா இருக்கிற இடத்துல மட்டும்தான் எந்த முறையும் வேலை செய்யும். நிலவரம் மாறுதான்னு தேடுறவங்க முதல்ல இந்த ஒரு விகிதத்தை எழுதி வச்சுக்கிட்டு அப்புறம் கோடு எழுத உட்காரணும்.

மெய்யெண் எழுதியது:

இழையை இப்பதான் பார்த்தேன். சித்தன் அண்ணா சொன்னதோட முழுசா ஒத்துப்போறேன், ஆனா இன்னும் யாரும் தொடாத பக்கம் ஒண்ணு இருக்கு, எனக்கு ரொம்ப பிடிச்ச பக்கமும் அதுதான்.

இதுவரைக்கும் எல்லாரும் ஒரே ஒரு சீரிஸை நேரத்துல பிரிச்சு பார்த்தீங்க. ஆனா நிஃப்டிக்குள்ள 50 ஸ்டாக் இருக்கு. 50 ஸ்டாக்கோட டெய்லி ரிட்டர்ன் எடுத்து 50க்கு 50 கோரிலேஷன் மேட்ரிக்ஸ் (ஒவ்வொரு ஜோடி ஸ்டாக்கும் எவ்வளவு சேர்ந்து ஆடுதுங்கிற அட்டவணை) போட்டு அதோட ஐகன்வேல்யூக்களை பாருங்க, ஒவ்வொண்ணும் ஸ்டாக்குகள் சேர்ந்து ஆடுற ஒரு ஆட்டத்தோட பலம். எல்லாம் கூட்டினா எப்பவும் 50தான். அந்த 50 எப்படி பங்காகுதுங்கிறதுலதான் விஷயம் இருக்கு. முதல் ஐகன்வேல்யூ பெரும்பாலும் மொத்த மார்க்கெட்டும் சேர்ந்து ஆடுற ஆட்டம். ஸ்டாக்குகளுக்கு நடுவுல சராசரி கோரிலேஷன் 0.25னா முதல் ஐகன்வேல்யூ சுமார் 13, மொத்தத்துல கால்வாசிக்கு கொஞ்சம் மேல. சராசரி 0.6 ஆனா அது 30ஐ தாண்டும், மொத்தத்துல 60 சதவீதம். பஸ்ல சடன் பிரேக் போட்டா நிக்கிறவங்க எல்லாரும் ஒரே பக்கம் சாயிற மாதிரி, கிரைசிஸ் வந்தா பேங்க்கும் பார்மாவும் சோப்பு கம்பெனியும் ஒண்ணா சாயும். 2020 மார்ச் 13லயும் 23லயும் லோயர் சர்க்யூட் அடிச்சு டிரேடிங் நின்ன நாட்கள்ல கம்பெனி நல்லதா கெட்டதான்னு யாரும் பார்க்கல, கையில இருந்ததை வித்தாங்க.

இதுல நாய்ஸ் எது சிக்னல் எதுன்னு பிரிக்க அருமையான ஒரு அளவுகோல் இருக்கு. மார்ச்சென்கோ, பாஸ்டர்னு ரெண்டு பேர் 1967ல கொடுத்த ஃபார்முலா. ஸ்டாக் எண்ணிக்கையை நாள் எண்ணிக்கையால வகுத்து, ஸ்கொயர் ரூட் எடுத்து, 1 கூட்டி ஸ்கொயர் பண்ணா மேல் எல்லை, 1ல இருந்து கழிச்சு ஸ்கொயர் பண்ணா கீழ் எல்லை. 50 ஸ்டாக், 250 நாள்னா எல்லை 0.31ல இருந்து 2.09 வரைக்கும். ஸ்டாக்குகளுக்குள்ள எந்த தொடர்பும் இல்லைன்னாலும் ஐகன்வேல்யூ இந்த இடைவெளிக்குள்ள சிதறி கிடக்கும். அதனால 2.1ஐ தாண்டுறதை மட்டும் நம்பலாம். 60 நாள்தான் இருக்குன்னா மேல் எல்லை 3.66க்கு போயிடும், செக்டர் சம்பந்தப்பட்ட சின்ன ஐகன்வேல்யூ எல்லாம் நாய்ஸுக்குள்ள மூழ்கிடும், முதலாவது மட்டும் தைரியமா மேல நிக்கும். 1999ல பூஷோவோட குழு எஸ்அண்ட்பி 500ல இருக்கிற 406 ஸ்டாக்கை இப்படி பார்த்தப்ப சுமார் 94 சதவீத ஐகன்வேல்யூ நாய்ஸ் எல்லைக்குள்ளயே கிடந்துச்சு. மேட்ரிக்ஸ்ல நாம சேகரிச்ச தகவல்ல பெரும்பகுதி தகவலே இல்லங்கிறது எவ்வளவு பெரிய செய்தி!

கடலோரக்காற்று, நீங்க கேட்டதுக்கு நேர் பதில் இதுதான்னு நினைக்கிறேன். கிரிட்ஸ்மேனும் கூட இருந்தவங்களும் அப்சார்ப்ஷன் ரேஷியோன்னு ஒண்ணு கொடுத்தாங்க. அமெரிக்காவோட 51 தொழில்துறை இண்டெக்ஸ், 500 நாள் விண்டோ (கடைசி 500 நாள் டேட்டா மட்டும்), ஐகன்வெக்டர்ல (ஒரு ஆட்டத்துல யாருக்கு எவ்வளவு பங்குங்கிற பட்டியல்) மேல இருக்கிற ஐந்துல ஒரு பங்கு மொத்த வேரியன்ஸ்ல எவ்வளவு விழுங்குதுன்னு பார்க்கணும். அப்புறம் அந்த நம்பரோட 15 நாள் சராசரியை ஒரு வருஷ சராசரியோட ஒப்பிட்டு, எவ்வளவு வேகமா ஏறிச்சுன்னு பார்க்கணும். அவங்களே தெளிவா சொல்றாங்க, இது ஏறினா கிராஷ் வரும்னு அர்த்தம் இல்ல, மார்க்கெட் இறுகி இருக்கு, ஒரு அதிர்ச்சி வந்தா வேகமா பரவும்னுதான் அர்த்தம். எந்த திசைன்னு இது சொல்லவே சொல்லாது.

ஆப்ஷன்_ஆறுமுகம் எழுதியது:

மேடம் அருமையா சொன்னீங்க. ஆனா என் விக்ஸ் கேள்விக்கு இன்னும் பதில் வரல. விக்ஸ்லயே இது எல்லாம் அடங்கிடாதா?

மெய்யெண் எழுதியது:

பாதி அடங்கும் சார். இண்டெக்ஸோட வேரியன்ஸ் தோராயமா ரெண்டு விஷயத்தோட பெருக்கல்: தனித்தனி ஸ்டாக் சராசரியா எவ்வளவு ஆடுது, அதுங்க எவ்வளவு சேர்ந்து ஆடுது. விக்ஸ் நிஃப்டி ஆப்ஷன் விலையில இருந்து வர்றதால பெருக்கி வந்த விடையை மட்டும் காட்டும். ஸ்டாக்குகள் உள்ளுக்குள்ள பயங்கரமா ஆடி, ஆனா எதிர் எதிர் திசையில ஆடினா இண்டெக்ஸ் அமைதியா இருக்கும், விக்ஸும் அமைதியா இருக்கும். அந்த அமைதியும், ஸ்டாக்கே ஆடாம வர்ற அமைதியும் வேற வேற. முதல் வகையில கோரிலேஷன் திடீர்னு கூடினா இண்டெக்ஸ் வாலட்டிலிட்டி பல மடங்கு ஏறும். ஸ்ட்ராங்கில் (மார்க்கெட் பெருசா நகராதுன்னு நம்பி கால், புட் ரெண்டு ஆப்ஷனும்) வித்துட்டு உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு இந்த வித்தியாசம் உயிர் பிரச்சினை.

இன்னொரு உதாரணம். 2024 ஜூன் 4 எலக்ஷன் ரிசல்ட் அன்னைக்கு நிஃப்டி ஒரே நாள்ல கிட்டத்தட்ட 6 சதவீதம் விழுந்துச்சு. இண்டெக்ஸ் மட்டும் பார்த்தா பேனிக்தான். ஆனா அன்னைக்கு பொதுத்துறை ஸ்டாக்குகளும் அதானி ஸ்டாக்குகளும் அடி வாங்கினப்ப ஹிந்துஸ்தான் யூனிலீவர், பிரிட்டானியா எல்லாம் ஏறிச்சு. பணம் ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கம் ஓடிச்சு, எல்லாரும் ஒண்ணா வெளிய ஓடல. ஜூன் 7 க்ளோஸ்ல நிஃப்டி ஜூன் 3 லெவலையே தாண்டிடுச்சு. அதனால முதல் ஐகன்வேல்யூ எவ்வளவுன்னு மட்டும் பார்க்காதீங்க, அதோட ஐகன்வெக்டர்ல எல்லா ஸ்டாக்கும் ஒரே சைன்ல, ஏறக்குறைய சம அளவுல இருக்கான்னும் பாருங்க.

பவளமல்லி எழுதியது:

நான் இன்ட்ராடே பண்றவ, ஒரு நிமிஷ டேட்டாதான் வச்சிருக்கேன். டெய்லி டேட்டால 60 நாள் காத்திருக்க முடியாது அக்கா. ஒரு நிமிஷ டேட்டால பண்ணா சீக்கிரம் தெரியாதா? நான் போட்டு பார்த்தப்ப 375 நிமிஷத்துலயும் அதுல பாதியிலயும் தெளிவா பீக் வருது, இது நிஜம்தானே?

சிக்னல்சித்தன் எழுதியது:

நிஜம்தாம்மா, ஆனா அது மார்க்கெட் நிலவரம் இல்ல, கடிகாரம். காலை 9:15ல இருந்து 3:30 வரைக்கும் சரியா 375 நிமிஷம். ஓப்பனிங்ல ஆட்டம் அதிகம், மதியம் சாப்பாட்டு நேரத்துல அடங்கும், க்ளோசிங்ல திரும்ப ஏறும். தினமும் இதே வடிவம் ரிப்பீட் ஆகுறதால 375, 187.5, 125ன்னு வரிசையா பீக் வரும். ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பல நாள் சராசரி அசைவு எவ்வளவுன்னு எடுத்து, அன்னைய அசைவை அதால வகுத்துட்டு அப்புறம் ஸ்பெக்ட்ரம் போடுங்க. வகுத்த பிறகும் நிக்கிறது மட்டும்தான் கணக்கு. எக்ஸ்பைரி (ஆப்ஷன் காலாவதி ஆகுற) நாளுக்கு தனியா சராசரி வச்சுக்கங்க, அந்த நாள் வடிவமே வேற.

இன்ட்ராடேல உபயோகமான ஒண்ணு வலது ஓரம். பை, செல் விலைக்கு நடுவுல டிரேட் மாறி மாறி விழறதால ரிட்டர்ன் ப்ளஸ், மைனஸ்னு துடிக்கும், அது மிக வேகமான ஃப்ரீக்வென்சில பவரா தெரியும். ஆப்ஷன்லயோ மிட்கேப்லயோ வலது ஓரம் திடீர்னு உசந்தா ஸ்ப்ரெட் (பை, செல் விலை இடைவெளி) விரிஞ்சுருக்கு, ஆர்டர் புக் மெலிஞ்சுருக்குன்னு சந்தேகப்படலாம். ஒரு நாளைக்கு 375 புள்ளி கிடைக்கிறதால இது சில மணி நேரத்துலயே தெரியும். மார்க்கெட் ஆர்டர் போடுறதை நிறுத்திட்டு லிமிட் ஆர்டருக்கு மாற இது போதுமான காரணம்.

கோரிலேஷனை மட்டும் ஒரு நிமிஷத்துல அளக்காதீங்க. எல்லா ஸ்டாக்கும் ஒரே நொடில டிரேட் ஆகாது, இடைவெளி குறைய குறைய கோரிலேஷனும் குறைஞ்சு தெரியும், 1979ல எப்ஸ் காட்டினது இது. 15 நிமிஷம், அரை மணி நேரம்னு போங்க.

கடலோரக்காற்று எழுதியது:

மெய்யெண் மேடம், ரொம்ப நன்றி. இதையே பண்ணலாம்னு இருக்கேன். 2020 மாதிரி ஒரு வீழ்ச்சில 500 நாள் விண்டோ எப்படி உதவும்? அது முடிஞ்ச பிறகுதானே ஏறும்?

மெய்யெண் எழுதியது:

சரியான இடத்துல கை வச்சீங்க. 2020 பிப்ரவரி 20ல நிஃப்டி 12,080, மார்ச் 23ல 7,610. 37 சதவீதம் போச்சு, நடுவுல 20 டிரேடிங் நாள்தான். 500 நாள் விண்டோல 20 நாள்ங்கிறது 4 சதவீதம். சம வெயிட் கொடுத்து அளந்தா விண்டோ மெதுவாத்தான் நகரும்னு தோணும், ஆனா அந்த நாட்களோட அசைவு அவ்வளவு பெருசா இருந்ததால அதுங்க மட்டுமே மேட்ரிக்ஸை இழுத்துடும், அதுல இன்னொரு ஆபத்து இருக்கு. 60 நாள் விண்டோ வச்சா மார்ச் 23 உள்ள வரும்போது கோரிலேஷன் ஏறும், 60 நாள் கழிச்சு அது விண்டோவை விட்டு வெளிய போகும்போது சடார்னு இறங்கும். அன்னைக்கு மார்க்கெட்ல ஒண்ணுமே நடந்திருக்காது, ஆனா இண்டிகேட்டர் நிலவரம் மாறிடுச்சுன்னு சொல்லும். இதுக்கு ரெண்டு வழி: பழைய நாளுக்கு படிப்படியா வெயிட் குறைக்கிறது, அல்லது ஒவ்வொரு நாள் ரிட்டர்னையும் அன்னைய வாலட்டிலிட்டியால வகுத்துட்டு கோரிலேஷன் எடுக்கிறது. நான் ரெண்டையும் சேர்த்துதான் பண்ணுவேன்.

வெளிய இருந்து வர்ற அதிர்ச்சியை, அதாவது வைரஸையோ யுத்தத்தையோ, எந்த மேட்ரிக்ஸும் முன்கூட்டியே சொல்லாது. அடி விழுந்த முதல் வாரத்துல இது இன்னும் இறுகிட்டே போகுதா, தளர ஆரம்பிச்சிருச்சான்னு சொல்லும். அது போதும், ஏன்னா அந்த வாரத்துலதான் ஆளுங்க சரிவுல ஆவரேஜ் பண்றேன்னு அளவுக்கு மீறி வாங்குறாங்க.

டேட்டா விஷயத்துல ரெண்டு எச்சரிக்கை. இன்னைக்கு இருக்கிற 50 ஸ்டாக் லிஸ்டை எடுத்து 2018க்கு போகாதீங்க. 2020 மார்ச்ல யெஸ் பேங்க்கை நிஃப்டில இருந்து எடுத்துட்டாங்க, இன்னைய லிஸ்ட் வச்சா அந்த மாதிரி விழுந்தவங்க எல்லாம் காணாம போய், பழைய மார்க்கெட் நிஜத்தை விட ஆரோக்கியமா தெரியும். அப்புறம் போனஸ், ஸ்ப்ளிட் அட்ஜஸ்ட் பண்ண விலையா பாருங்க. ஒண்ணுக்கு ஒண்ணு போனஸ் கொடுத்த நாள்ல அட்ஜஸ்ட் பண்ணாத விலை பாதியா விழும், அந்த ஒரு பொய்யான மைனஸ் 50 சதவீதம் அந்த ஸ்டாக்கோட கோரிலேஷன் எல்லாத்தையும் கெடுத்துடும்.

ஆப்ஷன்_ஆறுமுகம் எழுதியது:

இப்ப ஒத்துக்கிறேன் மேடம், விக்ஸோட பக்கத்துல இதையும் வைக்கலாம். இதை புதுசா வர்ற பசங்க படிக்கணும்னு ஆசைப்படுறேன். செபியோட 2024 ஆய்வுல மூணு நிதியாண்டுக்கு சேர்த்து எஃப்அண்ட்ஓல (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன் டிரேடிங்) 93 சதவீத தனிநபர்கள் நஷ்டம், மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேல. சைக்கிள் தேதி விக்கிறவங்களை நம்பி அதுல போய் சேராதீங்க. திசை தெரியாதுன்னு ஒத்துக்கிட்டு லாட் எண்ணிக்கையை மட்டும் இந்த இறுக்கத்தை பார்த்து குறைச்சா கூட பொழைச்சுக்கலாம்.

கடலோரக்காற்று எழுதியது:

கடைசியா ஒரு சந்தேகம். சித்தன் சார் வரிசை கலைச்சு டெஸ்ட் பண்ண சொன்னார். 50 ஸ்டாக் மேட்ரிக்ஸ்ல எதை கலைக்கணும், நாளையா, ஒவ்வொரு ஸ்டாக்கையும் தனித்தனியாவா?

மெய்யெண் எழுதியது:

எதை சோதிக்கிறீங்கங்கிறதை பொறுத்து. முதல் ஐகன்வேல்யூ நிஜமான்னு பார்க்கணும்னா ஒவ்வொரு ஸ்டாக்கையும் தனித்தனியா கலைங்க, ஸ்டாக்குகளுக்கு நடுவுல இருக்கிற தொடர்பு உடைஞ்சிடும், மிச்சம் வர்ற ஐகன்வேல்யூ எல்லாம் 250 நாளுக்கு நான் சொன்ன 0.31, 2.09 எல்லைக்குள்ள ஏறக்குறைய விழணும். விழலைன்னா டேட்டால ஏதோ கோளாறு இருக்கு, முதல்ல அதை தேடுங்க.

நிலவரம் மாறிச்சுங்கிறது நிஜமான்னு பார்க்கணும்னா நாளை கலைக்கணும், 50 ஸ்டாக்கையும் ஒரே வரிசையா சேர்த்து. அப்ப ஒரே நாள்ல இருக்கிற தொடர்பு அப்படியே இருக்கும், காலப்போக்குல நடந்த மாற்றம் மட்டும் அழியும். ஆனா ஒத்தை ஒத்தை நாளா கலைச்சா வாலட்டிலிட்டி கும்பலா வர்ற குணமும் சேர்ந்து அழிஞ்சு, உங்க டெஸ்ட் ரொம்ப சுலபமா பாஸ் ஆயிடும். அதனால 20 நாள் 20 நாளா பிளாக்கா வெட்டி பிளாக்கை கலைங்க. கலைச்ச ஒவ்வொரு டேட்டாலயும் அதே 60 நாள் விண்டோவை ஓட்டி, முதல் ஐகன்வேல்யூவோட பங்கு அதிகபட்சம் எவ்வளவு ஏறிச்சுன்னு குறிச்சு வைங்க. உங்க நிஜ டேட்டா அந்த லிஸ்ட்ல மேல 5 சதவீதத்துக்குள்ள வந்தா இங்க வந்து போடுங்க, சேர்ந்து பார்க்கலாம்.